மேரியின் மூன்றாவது கால்

உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் செய்ய ஒரு வேலை, அதற்கு மாதச் சம்பளம், தலைக்கு மேல் மின்விசிறி. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது மின்விசிறி பத்திரிகை ஆசிரியர் அறையில் மட்டும்தான் இருந்தது. அவரோடு சண்டை போட வேண்டியிருந்தால் வெயில் காலத்துக்கு எடுத்து வைத்துக்கொள்வேன். எவ்வளவு நேரம் கத்தினாலும் வியர்க்காது.

மெய்ப்பு எப்படிப் பார்ப்பது, படத்துக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதையெல்லாம் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அச்சுக்குப் போக வேண்டிய பக்கம் மேசைமேல் கிடக்கிறது. எல்லோரும் உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள். எது சரி என்று சொல்ல எந்த விதியும் இல்லை. அப்போது என்ன செய்வீர்கள்? அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு கதை இருக்கிறது. சொல்லிவிட்டுப் போகிறேன். அறிவுரை வேண்டியவர்கள் நடுவில் அகப்படுவதைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. புதுச்சேரியிலிருந்து மாதம் இரண்டு முறை வந்துகொண்டிருந்த ஒரு சிறுவர் பத்திரிகையில் நான் உதவி ஆசிரியர். ஆசிரியர்தான் முதலாளி, அச்சகமும் அவருடையதே. முதலியார்பேட்டையிலிருந்து நான் சைக்கிளில் வருவேன். என் அப்பா மில் தொழிலாளி. கதை படிப்பதற்கு மகளுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அவர் கடைசிவரை முழுதாக நம்பவில்லை.

எங்கள் பத்திரிகை விழுப்புரம், கடலூர் தாண்டியும் விற்றதற்குக் காரணம் ஒரு தொடர்கதை. எழுதியவர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் முசே. பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதற்குச் சொல்லும் வார்த்தை அவருக்குப் பெயராகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கதையில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவார்.

கதை நாலு பிள்ளைகளைப் பற்றியது. எந்தப் பள்ளிக்கூடமும் வைத்துக்கொள்ள ஆசைப்படாத நாலு பேர். ஒரு பையனுக்கு வாய் திக்கும், ஆனால் ஒரு முறை கேட்ட எண் மறக்காது. வீராம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி, கேள்வி கேட்டே வகுப்பிலிருந்து துரத்தப்பட்டவள். துணிக்கடை பாய் வீட்டுப் பையன் ஒருவன், ஒரு தெருவில் நடந்தால் போதும், வரைபடம் போட்டுவிடுவான்; உட்கார் என்றால் மட்டும் உட்கார மாட்டான். நாலாவது ஒரு குட்டிப்பெண், யாரோடும் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். தனித்தனியாக இவர்கள் ஊருக்குத் தொல்லை, ஒன்றாகச் சேர்ந்தால் எந்தப் புதிரையும் அவிழ்த்துவிடுவார்கள். செத்துப்போன ஒரு மாலுமியின் பூட்டிய பெட்டி. அதற்குச் சாவி எங்கே? இதுதான் கதை. ஒவ்வோர் இதழிலும் ஒரு புதிர் இருக்கும். படிக்கிற பிள்ளைகளும் கூடவே உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

கடைசிப் புதிருக்கு ஒரு பரிசு அறிவித்தோம். சாவி எங்கே இருக்கிறது என்று சரியாக எழுதுகிறவர்களின் பெயர் கடைசி அத்தியாயத்திலேயே, கதைக்குள்ளேயே வரும். பெட்டி திறக்கும்போது சுற்றி நிற்கிற பிள்ளைகளாக அவர்கள் நிற்பார்கள். இது என்னுடைய யோசனை. தன் பெயரை அச்சில் பார்க்க ஒரு பிள்ளை என்னவெல்லாம் செய்யும் என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படி அலைந்தவள்தான்.

நாலு பேர் கையில் கிடைத்த காகிதத்தில் இருந்த புதிர் இதுதான்:

மேரிக்கு முன்னால் நில்.
மேரி பார்ப்பதைப் பார்.
மூன்றாவது காலில் சாவி.

இதழ் கடைக்குப் போன மறு வாரம் தபால் கார்டுகள் வர ஆரம்பித்தன. புதுச்சேரிப் பிள்ளைகளின் கார்டுகள் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே விடை. வெளியூர்க் கார்டுகள்தாம் விசித்திரமாக இருந்தன. ஒரு பையன், "மேரி நல்லவளா கெட்டவளா?" என்று கேட்டிருந்தான். இன்னொருத்தி, "மேரிக்கு என்ன வயது என்று சொன்னால் யோசிக்க வசதியாக இருக்கும்" என்று எழுதியிருந்தாள். ஒரு தலைமையாசிரியர், "மேரி அறிமுகமாகும் அத்தியாயம் எங்கள் நூலகத்துக்கு வந்த இதழில் விடுபட்டுள்ளது, வேறு பிரதி அனுப்புக" என்று முத்திரை வைத்தே கேட்டிருந்தார். ஆசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

பிறகு ஒரு நாள் விழுப்புரத்து ஏஜெண்ட் பழைய இதழ்களைத் திருப்பித்தர வந்தார். கட்டை இறக்கி வைக்கும்போதே ஆரம்பித்தார்.

"யாரும்மா அந்த மேரி? கடைக்கு வர்ற பசங்க உயிர எடுக்குதுங்க."

"மேரின்னா மேரிதாங்க. பீச்ல இருக்கே."

"பீச்ல எந்த மேரி? சுண்டல் விக்கிறவங்களா?"

"ஐயோ, கட்டடம்ங்க. பெரிய கட்டடம்."

"கட்டடத்துக்கு ஏம்மா பொம்பள பேர வச்சீங்க?"

நான் மேசைமேல் கிடந்த வெளியூர்க் கார்டுகளை எடுத்துத் திரும்பப் படித்தேன்.

உங்களில் உள்ளூர்க்காரர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நகராட்சி அலுவலகத்துக்குப் பிரெஞ்சில் மேரி என்று பெயர். கடற்கரையில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடம் எங்களுக்கு மேரி. பிள்ளை பிறந்தால் மேரியில் பதிவோம், கல்யாணம் ஆனால் மேரியில் பதிவோம். மேரி வரைக்கும் போயிட்டு வர்றேன் என்று அப்பா சொன்னால் அம்மா யாருடைய சான்றிதழுக்கு என்றுதான் கேட்பாள், யார் அந்தப் பெண் என்று கேட்க மாட்டாள். கதை எழுதிய முசே, படித்த ஆசிரியர், எழுத்துக் கோத்தவர், மெய்ப்புப் பார்த்த நான், படம் போட்டவர் எல்லோரும் உள்ளூர். ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. புதுச்சேரியைத் தாண்டினால் மேரி ஒரு பெண் என்பது எங்கள் மூளையில் ஏறவே இல்லை.

முசேயின் விடை இது. மேரிக்கு முன்னால் நின்று கடலைப் பார்த்தால், கப்பல் சரக்கு இறக்கக் கடலுக்குள் கட்டி, புயலில் போன பழைய பாலத்தின் இரும்புக் கால்கள் தண்ணீரில் நிற்பது தெரியும். கரையிலிருந்து மூன்றாவது காலில், தார் பூசிய துணியில் சுற்றிச் சாவி கட்டியிருக்கிறது. மீனவப்பெண் கட்டுமரத்தில் போய் எடுத்துவருவாள். கடைசி அத்தியாயம் அப்படியே எழுதி, எழுத்துக் கோத்து, மேரி முன்னால் நாலு பேர் நிற்கிற படத்துக்கு அச்சடிக்கும் உலோகப் பிளாக்கும் செய்து தயாராக இருந்தது.

ஆசிரியர் பதற்றப்படுகிற ஆள் இல்லை. "கடைசிப் பக்கத்துல ஒரு வரி போட்டுடு. மேரி என்பது புதுச்சேரி நகராட்சிக் கட்டடம், வெளியூர் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும். முடிஞ்சது" என்றார். முசேயும் தலையாட்டினார். நானும் அந்த ஒரு வரியை எழுதிவிட்டேன். அப்போதைக்கு அது நியாயமாகத்தான் தோன்றியது.

மறுநாள் வந்த தபாலில் ஒரு கார்டு இருந்தது. விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பிள்ளைகள் சேர்ந்து எழுதியது. "மேரி என்பவள் இதுவரை கதைக்குள் வராத ஒரு பெண். ஆனால் அவள் முதலிலிருந்தே அங்கே இருக்கிறாள். நாலு பேரும் பூட்டிய வீட்டுக்குள் ஒளிந்திருந்தபோது மாடியில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. அது யார் என்று நீங்கள் சொல்லவே இல்லை. அது மேரி. அவளுக்கு இரண்டு கால், ஒரு கம்பு. கம்புதான் மூன்றாவது கால். மூங்கில் கம்புக்கு உள்ளே ஓட்டை இருக்கும். சாவி அதில் இருக்கிறது. மேரி எப்போது வருவாள்?"

நான் அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு முசே வீட்டுக்கே போனேன்.

"முசே, பூட்டிய வீட்டு மாடியில டொக் டொக்னு சத்தம் கேட்டுச்சே. அது என்ன?"

"ஜன்னல் கதவு. காத்துல அடிச்சுக்கிது."

"அப்படின்னு எங்கயாவது எழுதியிருக்கீங்களா?"

கிராம்பைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினார். "எழுதணும்னு நெனச்சேன்."

கார்டைக் கொடுத்தேன். படித்தார். திருப்பி ஒரு தடவை படித்தார். முகம் சிவந்துவிட்டது. "இது தப்பு. கெட்டிக்காரத்தனமான தப்பு. தப்புத் தப்புதான். கணக்குன்னா ஒரு விடை, மத்மசேல். ஊர்ப் பசங்க அத்தனை பேரும் மூளையைக் கசக்கிச் சரியா எழுதியிருக்காங்க. அவுங்களுக்கு நான் துரோகம் பண்ணட்டுமா?"

கோபம் வந்தால் அவருக்கு நான் மத்மசேல், கல்யாணமாகாத பெண்ணைப் பிரெஞ்சில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் நியாயம், இன்னொரு பக்கம் அநியாயம் என்றால் யார் வேண்டுமானாலும் தீர்ப்புச் சொல்லலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சரியாகப் படித்துச் சரியான விடை எழுதியவர்கள். வெளியூர்ப் பிள்ளைகள் கையில் நாங்கள் கொடுத்ததே அரைகுறைக் காகிதம், அதை வைத்துக்கொண்டு முசே மறந்துபோன சத்தத்துக்குக்கூட அவர்கள் கணக்குச் சொல்லியிருந்தார்கள். யாரை ஏமாற்றுவது?

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அன்றே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பதில் எழுதிப் போட்டேன். உங்கள் விடையைப் படித்தோம், புதுச்சேரிப் பக்கம் வந்தால் அலுவலகத்துக்கு வாருங்கள், ஒரு விஷயம் நேரில் சொல்ல வேண்டும். யாரும் வருவார்கள் என்று நினைக்கவில்லை. மரியாதைக்கு எழுதியதுதான்.

வந்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை வாசலில் ஒரு ஆள், அவரோடு இரண்டு பையன்கள், ஒரு பெண். ஆள்தான் பெண்ணின் அப்பா, கரும்பு லாரி ஓட்டுகிறவர். பையன்களில் ஒருவன் நெட்டை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். இன்னொருவன் கையில் எங்கள் பத்திரிகையின் அத்தனை இதழ்களையும் சணல் போட்டுக் கட்டி வைத்திருந்தான். பெண்ணுக்குப் பதினோரு வயது இருக்கும். பெயர் செல்வி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப்போயிருந்தது. மூங்கில் கம்பு ஊன்றி நடந்தாள். அலுவலகத்துச் சிமெண்டுத் தரையில் டொக், டொக்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த விடையை அவள் கண்டுபிடிக்கவே இல்லை. அவளுக்கு அது முதலிலேயே தெரியும்.

"அக்கா, மேரி எப்ப வருவா?" என்றாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அப்பா சங்கடத்தோடு சிரித்தார். "இவ கேக்கறதுக்கு எதுனா சொல்லிடுங்கம்மா. இல்லன்னா பஸ்ல வூடு போய்ச் சேர்ற வரைக்கும் என்ன விடமாட்டா. ரெண்டு வாரமா மேரி, மேரின்னு இதே பேச்சுதான்."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் முசேயைப் பார்த்தேன். அவர் அன்று மெய்ப்பு வாங்கிப்போக வந்திருந்தார். மூவரில் ஒருவருக்கும் அந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லை. அச்சில் போடுவதற்கு மட்டும் துணிவு இருந்தது. எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் சொல்ல முடியாத ஒன்றை அச்சில் போடாதீர்கள். என்னிடம் அறிவுரை என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

கடைசியில் முசே எழுந்தார். "வாங்க, மேரியைக் காட்டறேன்" என்றார்.

எல்லோரும் நடந்தே போனோம். செல்வி எங்களுக்கு முன்னால் போனாள். வழியெல்லாம் கேள்வி. மேரி வீடு கடல் பக்கமா, மேரிக்கு நாய் இருக்கா, மேரி எந்த ஸ்கூல். முசேயின் நடை வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. கடற்கரைக்கு வந்ததும் கையை நீட்டிக் காட்டினார்.

"இதுதாம்மா மேரி."

செல்வி சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரையும் காணோம். பிறகு அவர் விரல் போன வழியே அண்ணாந்து பார்த்தாள். உயரமான தூண்கள், வளைவு ஜன்னல்கள், வாசலில் மனுவோடு நிற்கிற நாலைந்து பேர்.

"இதுவா?"

"ஆமா. இங்க இதுக்குப் பேரு மேரி. அதோ பாரு கடல்ல, இரும்புக் காலுங்க. மூணாவது கால்லதான் சாவி."

மூக்குறிஞ்சிப் பையன் கடலைப் பார்த்து எண்ணினான். "கரெக்டாதான் இருக்குது" என்று மெல்ல ஒப்புக்கொண்டான். இதழ்க் கட்டு வைத்திருந்தவன் அதை இன்னொரு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டான். செல்வி கட்டடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அழுகிற ஜாதி இல்லை.

"நல்லா பெருசாதான் இருக்குது. ஆனா இது நடக்காதே" என்றாள்.

முசே தொப்பியைக் கழற்றினார். கடல் காற்றுக்காகக் கழற்றியது போலத்தான் இருந்தது. ஆனால் திரும்ப மாட்டிக்கொள்ளவே இல்லை. அவள் விடவில்லை. "கட்டடம் மாடியில எப்படி ஏறும்? டொக் டொக்னு சத்தம் எப்படி வரும்? சொல்லுங்க சார்."

"அது ஜன்னல்மா."

"ஜன்னல் டப்பு டப்புன்னுதான் அடிக்கும். டொக் டொக்னா கம்பு. எனக்குத் தெரியாதா?"

அப்பா, "ஏய், பெரியவர்கிட்ட என்ன பேச்சு" என்று அதட்டினார். முசே கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவர்களுக்குச் சுண்டல் வாங்கித்தந்து பஸ் ஏற்றிவிட்டோம். ஏறும்போதுகூட அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மேரி வரலன்னா நான் இனிமே படிக்கவே மாட்டேன்" என்று எச்சரித்துவிட்டுத்தான் போனாள். பத்திரிகையையா, பள்ளிக்கூடப் பாடத்தையா என்பது தெரியவில்லை. அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஆசிரியர் கறாராகச் சொன்னார். திங்கட்கிழமை காலை கடைசிப் பக்கங்கள் அடங்கிய ஃபாரம் அச்சு மெஷினில் ஏறியாக வேண்டும். எழுத்துக் கோத்தாயிற்று. பிளாக் செய்தாயிற்று. ஒரு பிள்ளைக்காக எல்லாவற்றையும் கலைக்க முடியாது. அவரும் மோசமான ஆள் இல்லை, நாள் தவறினால் ஏஜெண்டுகள் எல்லோரும் அவரைத்தான் பிடித்து உலுக்குவார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னுடைய கோபம் பொதுவாக எதற்கும் உதவாது. அன்றைக்கு உதவியது.

"முசே, பள்ளிக்கூடத்துல நான் கணக்குல மக்கு. இருபடிச் சமன்பாடு வந்துச்சு, கஷ்டப்பட்டு ஒரு விடை கண்டுபிடிச்சு எழுதினேன். டீச்சர் பாதி மார்க் போட்டு, இன்னொரு விடை எங்கேன்னு கேட்டாங்க. ஒரு கணக்குக்கு எதுக்கு ரெண்டு விடைன்னு அழுதேன். ரெண்டும் சரிதான், ஒண்ணை மட்டும் எழுதினா கணக்கு முடியலன்னு சொன்னாங்க. நீங்க என்னடான்னா கணக்குன்னா ஒரே விடைங்கறீங்க. அப்ப என் பாதி மார்க்கைக் குடுங்க."

தெருவிலேயே நின்றுவிட்டார். என்னைத் திட்டப் போகிறார் என்று ஆசிரியர் ஒரு அடி ஒதுங்கினார். முசே சிரித்தார். பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, சிரித்தபோது கிராம்பு கீழே விழுந்துவிட்டது.

"ரெண்டு மூலம்" என்றார், சமன்பாட்டின் விடைக்குக் கணக்கு வாத்தியார்கள் வைத்திருக்கும் பெயர் அது. "ரெண்டு மூலம்! அட மடையா!" மடையன் என்றது தன்னைத்தான். ஆனால் பக்கத்தில் போன ஒரு சைக்கிள்காரர் தன்னைச் சொன்னதாக நினைத்து முறைத்துவிட்டுப் போனார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் முசே எழுதினார். கோத்ததை முழுதும் கலைக்காமல் எப்படிச் செய்வது என்பதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். முதல் பாதியை அவர் தொடவே இல்லை. நாலு பேரும் மேரிக்கு முன்னால் நிற்கிறார்கள், படம் அப்படியே இருக்கிறது. மீனவப்பெண் கட்டுமரத்தில் மூன்றாவது காலுக்குப் போகிறாள். தார்த் துணி இருக்கிறது, கயிறு இருக்கிறது. பிரித்தால் சாவியைக் காணோம். யாரோ முன்னாலேயே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கரைக்குத் திரும்பி நாலு பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போது பின்னால் சத்தம். டொக், டொக்.

"சாவி அங்க இல்ல. என் கால்ல இருக்குது."

"நீ யாரு?"

"மேரி. முதல்ல இருந்தே உங்க கூடத்தான் இருக்கேன். நீங்கதான் திரும்பிப் பாக்கல."

அவள் கம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுகிறாள், சாவி விழுகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் விடையும் சரி, வெளியூர்ப் பிள்ளைகளின் விடையும் சரி. இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். கையெழுத்துப் பிரதியைப் படித்து முடித்ததும் ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், ஏதோ தூசி என்றார். மின்விசிறிக்குக் கீழே அத்தனை தூசி எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. பின்பாதியை மட்டும் ஞாயிறு ராத்திரியே மறுபடி கோக்க ஆளைக் கூப்பிட்டார். அச்சுக்கு ஒரு நாள் தள்ளிப்போவதற்கும் ஒத்துக்கொண்டார்.

அந்த ஒரு நாளில் நான் ஒரு காரியம் செய்தேன். புதிர்க் கதை எதுவானாலும் இதை நீங்களும் செய்யுங்கள். ஈரம் காயாத மெய்ப்பைச் சுருட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளிடம் படித்துக்காட்டப் போனேன். எங்களுக்குத் தெரியாத வேறு மேரிகள் அந்தப் பக்கங்களில் எத்தனை ஒளிந்திருக்கின்றனவோ, யார் கண்டது? விழுப்புரத்தில் பஸ் மாறி, செல்வியின் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாத்தியார் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

படித்தேன். சாவி இல்லாத துணியைப் பிரிக்கும் இடத்தில் வகுப்பு முழுவதும் உச்சுக்கொட்டியது. டொக் டொக் வந்ததும் எல்லாத் தலைகளும் செல்வி பக்கம் திரும்பின. அவள் யாரையும் பார்க்கவில்லை, என் கையில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேரி பேசுகிற வரிகளை என்னால் சரியாகப் படிக்க முடியவில்லை. நடுவில் நிறுத்தித் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். குழந்தைகளுக்காகச் செய்கிற இந்த வேலையில் எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் பிறகு கிடைத்ததே இல்லை.

பெட்டி திறந்தது. உள்ளே ஒரு திசைகாட்டி. சுற்றி நின்ற பிள்ளைகள் யார் யார் என்று, பரிசில் அறிவித்திருந்தபடியே, முசே எழுதியிருந்தார். புதுச்சேரிப் பிள்ளைகளின் பெயர்கள், அப்புறம் இந்தப் பள்ளிக்கூடத்தின் மூன்று பெயர்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். மூக்குறிஞ்சிப் பையன் தன் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டான். இதழ்க் கட்டுக்காரன் பக்கத்துப் பையனைக் கிள்ளினான். செல்வியின் பெயரைப் படித்தபோது அவள் கையைத் தூக்கினாள்.

"அக்கா, என் பேர எடுத்துடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதாவது தப்பாக எழுதிவிட்டோமோ? அந்தக் கால், அந்தக் கம்பு, அவள் மனதைப் புண்படுத்திவிட்டதோ? பஸ்ஸில் வரும்போது எனக்கு அந்தப் பயம் இருந்துகொண்டேதான் இருந்தது.

"ஏம்மா? எல்லாரும் பேர் வரணும்னுதானே எழுதிப் போட்டாங்க?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இவ்வளவு படித்தவளுக்கு இது புரியவில்லையே என்கிற பார்வை.

"நான்தான் முன்னாடியே டொக் டொக்னு வந்துட்டேனே" என்றாள்.

வாத்தியாரிடம் பேனா வாங்கி அந்தப் பெயரை அடித்தேன். அச்சுக்குச் சரி என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.